தன் பக்கமாக மடித்த இலை

"பழைய ரேவதிய இந்த ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போறோம், தெரியுமா?"

"ஐயோ பாவம். அவளுக்குப் பசிக்குமேங்க."

"பசிச்சா என்ன? அமாவாசைக்கு எங்கம்மாவுக்குப் படையல் போடறப்ப பக்கத்துல அவளுக்கும் ஒரு இலை போட்டுடு."

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய காலையில், குனிந்து அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே குமரேசன் சொன்னது அது. ரேவதி சிரித்தாள். சிரித்ததும் வயிற்றில் தையல் போட்ட இடமெல்லாம் சுரீரென்று இழுத்தது. அவன் பதறிப்போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அன்றைக்கு அது வெறும் கேலி.

இப்போது, வேங்கிக்கால் வீட்டின் பின்னறையில், மாமியார் வெள்ளையம்மாளின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தக் கேலியை அவள் வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தாள். தரையில் இரண்டு இலைகள். மாமியாருக்குப் போட்டது போட்டபடி விரிந்து கிடந்தது. பக்கத்தில் அவளாகப் போட்ட இரண்டாவது இலை மூடியிருந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. குமரேசன் கலெக்டர் ஆபீஸில் இருந்தான். வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

படையல் இந்த வீட்டுக்குப் புதிதல்ல. இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுப் பரிமாறி, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, விளக்கை மட்டும் எரியவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். இலையில் எதுவும் குறைந்திருக்காது. குறையக் கூடாது.

உடம்பு பெருத்துப்போனதற்காக ஆஸ்பத்திரியில் அவள் இரைப்பையை வாழைக்காய் அளவுக்கு வெட்டிக் குறைத்து அனுப்பியிருந்தார்கள். நாலைந்து மாதத்தில் சர்க்கரை குறைந்தது, முட்டி வலி போனது, எடை இறங்கிக்கொண்டே வந்தது. டானிக் மூடியில் ஊற்றிய மோரும், குழைத்த இட்லி நாலு ஸ்பூனும் போதும், வயிறு நிறைந்துவிடும். ஆனால் நாக்கு நிறையவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் அவளுக்குக் கண் கலங்கும். "அது வயித்துப் பசி இல்லம்மா, மனசுப் பசி. வேற வேலை எதுனா பாருங்க, போயிடும்" என்று உணவு ஆலோசனை சொல்லும் பெண் சொல்லியிருந்தாள். ரேவதி பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள், பீரோவை அடுக்கினாள். அது போகவில்லை. பின்னால் வந்து நின்றுகொண்டது.

அதைவிட வலித்தது இன்னொன்று. அவளுக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று குமரேசன் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவான். கல்யாணத்தன்று ஒரே இலையில் சாப்பிட ஆரம்பித்தவர்கள் அவர்கள். கடைசி வாயை அவள் உருட்டி அவனுக்கு ஊட்டாமல் ஒருநாளும் சாப்பாடு முடிந்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்க, நான் பார்த்துக்கொண்டாவது இருக்கிறேன் என்று கேட்க அவள் தினமும் நினைப்பாள். கேட்டால், இவளுக்குச் சாப்பாட்டு ஆசை விடவில்லை என்று அவன் பயந்துவிடுவான். அதனால் மோரோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுவாள்.

இந்த அமாவாசைக்குத்தான் கத்தரிக்காய் காரக்குழம்பும், உளுந்து வடையும், அப்பளமும், சேமியா பாயசமும் செய்தாள். செய்து முடித்ததும் கை தானாக இன்னொரு இலையை எடுத்தது. "வந்து சாப்பிட்டுப் போயிடு. என்னை விட்டுடு" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மூடியிருந்த இலையை அவள் இப்போது விரல் நுனியால் பிரித்தாள். உள்ளே சோறு இல்லை. வழித்துச் சாப்பிட்டிருந்தது. பாயசம் ஊற்றிய இடத்தில் தடித்த விரல்களின் கோடுகள். இடது ஓரத்தில், கறிவேப்பிலைகளை எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக அடுக்கியிருந்தது. கறிவேப்பிலையை அப்படி அடுக்கி வைப்பது அவளுடைய பழக்கம். சின்ன வயதிலிருந்தே.

இலை மடித்திருந்த விதம் அதற்கப்புறம்தான் மனசில் உறைத்தது. துக்க வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இலையை வெளிப்பக்கமாக மடிப்பார்கள், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. மற்ற இடங்களில் தன் பக்கமாக மடிப்பார்கள். மறுபடியும் வருவேன் என்று அதற்கு அர்த்தம்.

இது தன் பக்கமாக மடிந்திருந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் வரை அவளுக்கு எந்த ஆசையும் வரவில்லை. எதிர்வீட்டில் மீன் வறுத்த வாசனைகூட வெறும் புகையாக வந்து போனது. அந்த நிம்மதிக்காகவே மறுநாளும் சமைத்தாள். இலை போட்டாள். கதவைச் சாத்தினாள். அதற்கடுத்த நாளும். கதவைச் சாத்திவிட்டுச் சத்துப் பவுடர் கரைத்துக் குடித்ததும் கண்ணைச் சொருகிக்கொண்டு வரும். சோபாவில் சாய்ந்தால், எழுந்திருக்கும்போது இலை மடிந்திருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் குமரேசன் வந்ததும் வராததுமாக அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவன் விரலில் காரக்குழம்பு வாசனை. மெஸ் குழம்பு இல்லை. வெந்தயத்தைக் கருக விடாமல் வறுத்து, கடைசியில் துளி வெல்லம் போடுகிற குழம்பு. அவளுடைய குழம்பு.

"மத்தியானம் சாப்பாடு அட்டகாசம்டி. நீ இப்படி வாய்விட்டுச் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு."

"மத்தியானமா? நீங்க எப்பங்க வந்தீங்க?"

"ஏய், நீதானே ஊட்டிவிட்ட?" என்று அவன் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றப் போய்விட்டான்.

அடி அண்ணாமலையில் இருந்த நாத்தனார் கீர்த்தனா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முந்தாநாள் மத்தியானம் போனில் அண்ணியின் பழைய சிரிப்பைக் கேட்ட பிறகுதான் தனக்கு உயிரே வந்தது என்றாள். பிறகு ரேவதியை மேலும் கீழும் பார்த்து, "போன்ல கேட்டா அப்படியே இருக்கீங்க. நேர்ல பார்த்தா இப்படிக் கரைஞ்சு போயிருக்கீங்களே அண்ணி. உங்க ஜாக்கெட்ல இப்ப ரெண்டு பேர் போகலாம்" என்றாள். ரேவதி போனில் யாரோடும் பேசியிருக்கவில்லை.

பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு முதலில் வந்தது பொறாமை. புருஷன் சட்டைப் பையில் வேறொருத்தியின் பூவைக் கண்டெடுத்தவளுக்கு வருகிற, நெஞ்சுக்குழியில் அடுப்பு வைத்த மாதிரியான பொறாமை. அவள் இந்தப் பக்கம் டானிக் மூடியில் மோர் குடித்துக்கொண்டு, கொத்துக் கொத்தாக முடி கொட்டி, கையிலும் கழுத்திலும் தோல் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் ஒருத்தி இவள் சமைத்ததைத் தின்றுகொண்டு, இவள் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, இவள் புருஷனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். தடித்த கை. அவன் கிள்ளக் கிள்ளச் சிவக்கிற கன்னம். தையல் இழுக்காத வயிறு.

மறுநாள் சத்துப் பவுடரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். மின்விசிறி ஓடியது. தெருவில் ஒரு ஆட்டோ திரும்பியது. பிறகு, சாத்திய கதவுக்குப் பின்னால், இலை சரசரத்தது. அப்பளம் நொறுங்கியது. நிதானமாக, ரசித்து, மென்று விழுங்குகிற சத்தம். கூடவே வளையல் குலுங்கியது. கைக்குப் பெரிதாகிவிட்டதென்று அவள் கழற்றிப் பீரோவில் பூட்டிய வளையல்கள்.

வாசலில் குமரேசனின் வண்டி நின்றது. அவன் சாவி போட்டுத் திறந்து வந்தான். அவள் கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். அவன் சோபாவைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இன்னொரு வாய் குடு" என்று அவன் குரல் கேட்டது.

அவள் சோபாவில் கிடந்தபடியே காதைப் பொத்திக்கொண்டாள்.

பௌர்ணமி அன்று அவள் சமைக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. இலைக்கட்டைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டாள். இன்றோடு முடிந்தது என்று ஹாலில் உட்கார்ந்தாள். கிரிவலக் கூட்டத்தை இறக்கிவிடும் பஸ்களின் ஹாரன் மெயின்ரோட்டிலிருந்து விடாமல் கேட்டது. சமையலறை ஜன்னலில் மலை மெல்லக் கறுத்தது. விளக்கு வைக்கிற நேரம்.

வாசனை வந்தது.

வெந்தயம். துளி வெல்லம். சுடு எண்ணெயில் உளுந்து.

அவள் எழுந்து போய்த் தட்டாமலே கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. இலை போட்டிருந்தது. சோற்றிலிருந்து ஆவி பறந்தது. இலைக்கு முன்னால் பாய். பாயின் நடுவில், பெரிய உடம்பு உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

இது என் குழம்பு, என்று நினைத்தாள். என் இலை. என் புருஷன் வந்து உட்காருகிற இடம்.

உட்கார்ந்தாள். பிசைந்தாள். மெல்லாமல் விழுங்கினாள். ஒரு வாய். இன்னொரு வாய். வடையைக் கடித்தாள். நாக்கில் உப்பும் புளியும் படர்ந்தபோது கண்ணீர் கொட்டியது. அடுத்த வாய் நெஞ்சில் நின்றது. கல் மாதிரி. வேர்த்தது. வாயில் நுரை கட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

கண்ணெதிரே இலை.

இனி அந்தப் பழையவள் வரக் கூடாது. அந்த நினைப்பு ஒன்றுதான் இருந்தது. இலையின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கி, வெளிப்பக்கமாக மடித்தாள். துக்க வீட்டில் மடிக்கிற மாதிரி. போ. மறுபடியும் வராதே.

மடித்த பிறகுதான் உறைத்தது. சாப்பிட்டது யார்? மடித்தது யார்? இனி வர மாட்டேன் என்றது அவளேதான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இலையைச் சுற்றித் தண்ணீர்க் கோடு மினுங்கியது. அது இலையோடு நிற்கவில்லை. அவளையும் சுற்றியிருந்தது. காலை நீட்டினாள். கோட்டைத் தாண்ட முடியவில்லை.

வெளியே வண்டிச் சத்தம். ஹாலில் விளக்குப் போடும் சத்தம். தட்டு வைக்கும் சத்தம். வளையல். குமரேசன் ஏதோ சொன்னான். அவனோடு ஒருத்தி சிரித்தாள். வயிறு குலுங்க, மூச்சு வாங்க, ரேவதியின் சிரிப்பு.

ரேவதி கூப்பிட்டாள். நுரைதான் வந்தது.

பிறகு, கதவு தட்டப்பட்டது. மெதுவாக. மரியாதையாக. படையல் அறையைத் திறக்குமுன் தட்டுகிற மாதிரி.

கதவு திறந்தது. குமரேசன் நின்றான். விளக்கைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. அவன் பார்வை சுவருக்கு ஏறியது. அவளும் திரும்பிப் பார்த்தாள். மாமியார் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில மாதம் கழித்து அவன் எடுத்தது. ஒட்டிய கன்னத்தோடு அவள் சிரிக்கிறாள். படத்துக்கு மாலை.

அவள் மடித்த இலையை அவன் எடுத்தான்; அதில் சோறு குறையாமல் இருந்தது. புது இலை போட்டான். அதில் குழைத்த இட்லி வைத்தான். பக்கத்தில் டானிக் மூடியில் மோர். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எவ்ளோ ஆசையா வெச்சாலும் தொடவே மாட்டேங்கறாடி" என்றான்.

அவன் தோளில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது. தடித்த கை. சதையில் பதிந்த வளையல்கள். விரலில் காரக்குழம்பு.

"பாவங்க. அவளால அவ்வளவுதான் முடியும். வாங்க, சோறு ஆறுது."

அவன் குனிந்து இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டான். திரும்பினான். கதவு மெல்ல நெருங்கி வந்தது. வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கியது. அந்தக் கோட்டில், அவன் தோளுக்கு மேல், அவளுடைய முகமே கன்னம் உப்ப மென்றுகொண்டு அவளைப் பார்த்தது. அது மட்டும்தான் பார்த்தது.

ரேவதி நெஞ்சில் நின்றதை விழுங்கினாள். இத்தனை நாளும் மோரோடு சேர்த்து விழுங்கியது மேலே வந்தது. சத்தமாகச் சொன்னாள்.

"ஏங்க... என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க."