சில்வான் வெட்டிய விறகு

மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் மறுபடியும் மறைந்துபோயிருந்தது. நேற்று மாலை எகோன் வண்டியில் விறகு ஏற்றி முடித்தபோது அடுக்கு அந்த ஜன்னலின் கீழ்ச்சட்டம் வரை இறங்கியிருந்தது. தூசி படிந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடியபடிதான் சாப்பிடப் போனான். இன்று காலை அங்கே ஜன்னல் இல்லை. பிளந்த ஓக் விறகு, பட்டை மேலே பார்க்க, காற்று புகும் அளவுக்கு இடம் விட்டு, ஒரே சீராகக் கூரையோரம் வரை நின்றது.

அந்த ஜன்னலைப் பார்க்கத்தான் அவன் இந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தான். விறகு வியாபாரத்தில் இது ஒரு கொடுமை. வெட்டிய மரம் இரண்டு கோடை வெயிலும் காற்றும் பட்டால்தான் விற்க ஆகும். அதனால் செத்துப்போனவன்கூட இரண்டு வருஷம் வியாபாரம் நடத்தலாம். நெவென்காவின் முதல் புருஷன் சில்வான், இந்த அடுக்கின் மேல் வரிசையை வைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு நின்று, அதன்மேல் சாய்ந்து நின்றபடி இறந்தவன். அந்த வருஷம் முடிவதற்குள் எகோன் அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தான். காட்டைப் பார்த்துக்கொண்டான், மரம் வெட்டினான், மலைச்சரிவில் வண்டி ஓட்டினான். ஆனால் அவன் வெட்டியது எதிர்ச்சுவரில் இன்னும் ஈரமாகத்தான் கிடந்தது. ஊர் வாங்கியது சில்வானின் விறகை. பெண்டாட்டி குளிர்காய்ந்ததும் அதில்தான். இந்த அடுக்கு தீர்ந்தால் சில்வானும் தீர்ந்தான், பிறகு வீடும் காடும் அவளும் தனக்கு என்று, வண்டியில் எறிந்த ஒவ்வொரு கட்டையோடும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

கண் ஏமாற்றியிருக்கும் என்று நினைத்து, அடுக்கிலிருந்தே வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, பள்ளத்தாக்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பெர்த்தாவிடம் போனான். அவள் ஒரு கட்டையை எடுத்துக் கையிலேயே எடை பார்த்தாள்.

“இது சில்வான் விறகுதானே?”

“விறகுக்கெல்லாமா பேர் வச்சிருக்கு? எங்க வீட்டு விறகு.”

“கோவிச்சுக்காதப்பா. அந்த மனுஷன் விறகுல பன்னித்தொடை வெந்தா அந்த வாசமே தனி. என் வீட்டுக்காரர்கூட என்னை இப்படிச் சூடா வச்சிருந்தது கிடையாது.” மேஜையில் வைன் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். “சரி, உன்னுது எப்ப வரும்?”

“அடுத்த வருஷம்.”

“பாப்போம். நெவென்கா குடுத்துவச்சவ. ஒருத்தன் செத்தும் அடுப்பெரிக்கிறான், ஒருத்தன் உசுரோட வண்டி ஓட்டுறான்.”

எகோனும் சிரித்து வைத்தான். திரும்பி வரும்போது கியரை முரட்டுத்தனமாக மாற்றி வண்டியை விரட்டினான். உயிரோடு இருப்பவன்மேல் பொறாமைப்பட்டால் போய் ஒரு அறையாவது கொடுக்கலாம். இவனை என்ன செய்வது?

வீட்டில் நெவென்கா அடுப்போரத்துப் பலகையில் உட்கார்ந்து, அறையைச் சூடாக்கும் அந்தப் பெரிய அடுப்பின் பச்சை ஓடுகளில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. கழுத்தில் லேசான வியர்வை. வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. தன் பக்கத்தில் படுத்திருக்கும்போது ஒருநாள்கூட அவள் முகம் இப்படி இளகி அவன் கண்டதில்லை. புளித்த கோஸும் பீன்ஸும் சேர்ந்த சூப்பின் வாசனைக்கு அடியில் ஓக் எரியும் இனிப்பான மணம் அறை முழுக்க நின்றது, வேறொரு ஆண்பிள்ளை இப்போதுதான் எழுந்து வெளியே போனதுபோல. எகோன் எதிர்ச்சுவருக்குப் போய்த் தன் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்குள் தள்ளினான். அது சீறியது. முனையில் நுரை தள்ளி, கசப்பான புகையைக் கக்கியது.

நெவென்கா கண் விழித்தாள். தோளை ஒடுக்கிக்கொண்டாள்.

“அத எடுத்துரு எகோன். இன்னும் ஈரம் போகல.”

“நீ ராத்திரி விறகு அடுக்குனியா?”

“நானா? எனக்கென்ன பைத்தியமா?”

மதியம் அவன் காட்டுக்குப் போனான். யாராவது திருட்டுத்தனமாக வெட்டிக் கொண்டுவந்து போட்டு விளையாடுகிறார்களோ என்று ஒரு சந்தேகம். அந்தக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு துண்டு மட்டும் வெட்டுவார்கள். வெட்டிய அடிக்கட்டை துளிர்விட்டு, முறை திரும்பி வரும்போது மறுபடி மரமாகியிருக்கும். புது வெட்டு எங்கும் இல்லை. பனியில் கால்தடமும் இல்லை. ஆனால் சில்வான் கடைசியாக வெட்டிய துண்டில், ஒவ்வொரு அடிக்கட்டையைச் சுற்றியும் கட்டைவிரல் தடிமனில் துளிர்கள் கொத்துக்கொத்தாக, பளபளப்பான மொட்டுகளோடு நின்றன. அதை ஒட்டியே எகோன் வெட்டிய துண்டு. அதே மண், அதே ஓக், தண்ணீர் வழிந்தோட அதே சாய்வில் போட்ட வெட்டு. ஒரு கோடை முழுக்கக் கடந்தும் ஒரு கட்டைகூடத் துளிர்க்கவில்லை. எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன.

 அவன் கண்ணில் தண்ணீர் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோடாலியை எடுத்தான். விறகுக்காரன் எவனும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தான். சில்வானின் அடிக்கட்டைகள் ஒவ்வொன்றிடமும் போய், துளிர்களை அடியோடு வெட்டி, மொட்டுகளைக் குதிகாலால் நசுக்கினான். பட்டை கிழிந்த இடங்களில் ஈரம் கசிந்தது. அவை ஒரு மனிதனின் தோலைப்போலக் கதகதப்பாக இருந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவன் கடைசிக் கட்டை வரை போய்விட்டுத்தான் நிமிர்ந்தான்.

இறங்கி வரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. வடகிழக்கிலிருந்து பூர்யா கிளம்பியிருந்தது. அந்த வறண்ட மலைக்காற்று கூரை ஓடுகளைக் கடகடக்கவைத்து, முள்வேலிக் கம்பிகளில் விசிலடித்து, கிணற்று மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் வீட்டு முற்றத்திலிருந்து இன்னொரு சத்தம் தெளிவாக வந்தது. கோடாலி இறங்கும் சத்தம். கட்டை இரண்டாகப் பிரிந்து விழும் சத்தம். அவசரமே இல்லாத, ஒரே சீரான கை.

வேலியைத் தாண்டியதும் அது நின்றது. முற்றத்தில் யாரும் இல்லை. விறகு பிளக்கும் மேடையில் சில்வானின் பழைய கோடாலி குத்தி நின்றது. காம்பைத் தொட்டான். சூடாக இருந்தது.

நெவென்கா சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“முடிச்சுட்டியா? இவ்வளவு நேரம் கேட்டுட்டேதான் இருந்தேன். இன்னிக்குத்தான் நீ ஒழுங்கா பிளந்திருக்க.”

அவள் அவனிடம் அப்படிக் குழைந்து பேசியதே இல்லை. அந்தக் குழைவு தனக்கு வந்ததல்ல என்று அவனுக்குத் தெரிந்தது.  அவள் கதவைச் சாத்தும்வரை நின்றான். பிறகு அடுக்கை நோக்கி நடந்தான்.

இழுத்தான். மேல் வரிசையை இழுத்துப் போட்டான். கட்டைகள் காலில் விழுந்தன, தாடையில் இடித்தன. இன்னொரு வரிசை. இன்னொன்று. அதன் பின்னால் சுவர் இருக்க வேண்டும். இல்லை. அதன் பின்னாலும் விறகு. முனைகள் வெள்ளையாக, இப்போது வெட்டியதுபோல. ஆனால் தூக்கினால் காய்ந்த விறகின் கனம்தான்.

கையை உள்ளே விட்டான். தோள்வரை போயிற்று.

உள்ளே காற்று இல்லை. கதகதப்பு. ஓக்கின் இனிப்பு வாசனை. அதோடு வியர்வை. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக. நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஆளின் மூச்சு.

கையை இழுத்தான்.

வரவில்லை. யாரும் முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. காய்ப்புப் பிடித்த ஒரு உள்ளங்கை அவன் மணிக்கட்டின் அடியில் வந்து, லேசாகத் தூக்கி, அவன் கனத்தைப் பார்த்தது. பிறகு தோள். பிறகு இடுப்பு. பக்குவமாக. மூலை இடிக்காமல். கத்த வாய் திறந்தான். வாயில் மரத்தூள்.

இருட்டு.

கண் பழகியபோது அவன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருந்தன. மேலும் கீழும் விறகு. விரல் அசையவில்லை. காற்று மட்டும் காலிலிருந்து தலைவரை ஊடுருவிப் போயிற்று.

முற்றத்தில் செருப்புச் சத்தம். நெவென்கா கூடையோடு வந்தாள். எகோன் தொண்டைக்குள் அவள் பெயரைச் சொன்னான். அவள் கை நீண்டு அவன் கன்னத்தைத் தொட்டது. ஒரு நொடி நின்றது.

“இது ஆகல.”

“அதுக்கு இன்னும் ரெண்டு கோடை வேணும்.” அவள் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் சொன்னது. அமைதியான, பழகிய குரல். “அந்தப் பக்கம் எடுத்துக்க.”

அவள் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் திரும்பி நின்று, வருகிறவனுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வருகிறவன் உடனே போகவில்லை. மழை இறங்காதபடி அடுக்கின்மேல் தகரத்தை இழுத்து மூடினான். காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்தான். பக்கங்களை மூடவில்லை. எகோனின் கண்ணெதிரே துருத்திக்கொண்டிருந்த ஒரு கட்டையை மட்டும் எடுத்து வேறு இடத்தில் வைத்தான். அந்த இடைவெளியில் சமையலறை ஜன்னல் முழுவதும் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அடுப்போரத்துப் பலகையில் அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.