எச்சில் யாருடையது?

"அய்யோ... யாராவது வாங்களேன்!"

அண்ணியின் அலறல் கேட்டுத் தம்பி மாடியிலிருந்து ஓடி வந்தான்.

குளியலறை வாசலில் அண்ணன் குப்புறக் கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

காலையில் ஆம்புலன்ஸ்... மதியம் ஐ.சி.யூ. வாசலில் இன்ஸ்பெக்டர்!

கூப்பிட்டது டாக்டரம்மா.

"கிட்னி நோயாளி மயங்கி விழுந்தா போலீஸ் எதுக்கு மேடம்?"

"கிட்னி வெளியேத்த வேண்டிய யூரியா ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. ஒரே ராத்திரியில இப்படி ஏறாது. வாரா வாரம் இவர் எச்சில டெஸ்ட் பண்றோம். யூரியா ஏறினா எச்சில்லயும் தெரியும். ஆனா போன வாரம் வரைக்கும் ரிசல்ட் நல்லா இருந்துச்சு. அதை நம்பி ரத்த டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டேன். என் தப்பு."

"அப்போ டியூப்ல இருந்தது வேற யாரோ துப்பினது."

"அப்படித்தான் தோணுது."

இன்ஸ்பெக்டர் அண்ணியிடம் திரும்பினார்.

"டியூபை லேபுக்கு யாரும்மா கொண்டு போவாங்க?"

"என் கொழுந்தன்தான். ஆபீஸ் போற வழியில கொடுத்துட்டுப் போவார். அவரைப் போய் சந்தேகப்படாதீங்க சார். மாத்து கிட்னி வேணும்னா நான் தரேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவர்..."

அண்ணியின் குரல் உடைந்தது.

தம்பி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

"அண்ணன் கொடுத்ததை அப்படியே கொடுத்தேன் சார். சத்தியமா."

கில்லாடி! பழைய டியூப்களை லேபில் எப்போதோ எரித்தாயிற்று. ஆதாரம் என்று ஒரு துளி எச்சில்கூட மிச்சமில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரா இருந்தாலும் எனக்குச் சீக்கிரம் தெரியணும். அந்த ஆளைக் காப்பாத்தியாகணும்."

"எந்த ஆளை?"

"துப்பினவரை. டியூப்ல வந்த அளவு ஒரு கிட்னி நோயாளிக்குத்தான் சார் நல்ல ரிசல்ட். ஆரோக்கியமா இருக்கிறவருக்கு அது வரவே கூடாது. அவருக்குக் கிட்னி பாதி போயிருக்கும்."



தம்பியின் நெற்றி வியர்த்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பான். உயிர்ப் பயம் விடவில்லை.

"டாக்டர்... பாதின்னா... மாத்திரையில சரியாயிடுமா?"

அண்ணி மெல்ல எழுந்தாள்.

"நீங்க ஏன் தம்பி அதைக் கேக்கறீங்க?"

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பயந்துட்டேன் அண்ணி. அண்ணன் ரிசல்ட் மோசமானா என் கிட்னியத்தான் கேப்பாங்க. பெருமைக்கு எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன். இப்போ மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அதான் டியூபைக் கழுவி... நானே..."

பளார்!

அண்ணியின் கை அவன் கன்னத்தில் பதிந்தது. அதற்குள் நர்ஸ் வெளியே வந்தாள். டயாலிசிஸ் நன்றாகப் போகிறது, பிழைத்துக்கொள்வார் என்றாள். அண்ணி சுவரில் சாய்ந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பிரமாதமான பொய் மேடம். நானே நம்பிட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எது பொய்? முதல்ல இந்தத் தம்பியை அட்மிட் பண்ணணும் சார். அரெஸ்ட்டை அப்புறம் வச்சுக்கங்க."

தம்பியின் முகத்தில் ரத்தம் இல்லை. இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க தம்பி... இனிமே உங்க கிட்னியை யாரும் கேக்க மாட்டாங்க."