கேட்டு வாங்கும் தாத்தா

திலக் நகரில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் சுனிதாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஹார்பர் லைனில் மெகா பிளாக், ரயில் ஓடவில்லை. மூன்று வயது பெனிட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆறு வயது ரோஷனைக் கையில் பிடித்தபடி, தாராவியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். அவள் கணவன் டென்சிலுக்குத் தோல்பைப் பட்டறையில் பண்டிகை நேரத்து வேலை. பிள்ளைகளுக்காகக் கிறிஸ்மஸ் தாத்தா உட்கார்ந்து பரிசு கொடுக்கும் குகை போடுகிறோம் என்று சபையில் சொன்ன நாளிலிருந்து ரோஷன் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை.

இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காகக் காலிசெய்த பழைய கட்டடம் அது. இடிக்கும்வரைக்கும் வளாகத்தைச் சபை கேட்டு வாங்கியிருந்தது. முன்பக்கம் ஒலிபெருக்கி, கேக் கடை, பலூன். குகை பின்பக்கம், தரைத்தளத்து வீடு ஒன்றுக்குள். ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் பாறையாக்கி, மேலே பஞ்சை ஒட்டிப் பனியாக்கியிருந்தார்கள். வாசலில் சிவப்புத் திரை.

அங்கே ஒருவரும் இல்லை. நாம்தான் முதல் ஆள் என்று சுனிதா சந்தோஷப்பட்டாள். திரையின் இடுக்கு வழியே குளிர்ந்த காற்று வந்தது. பசை வாசனைக்கு அடியில், வெகுகாலம் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"உள்ள வாங்க மக்கா."

வயதான குரல். இதமான குரல். ஊர்ப்பேச்சு. ஏசுதாஸ் அண்ணன்தான் தாத்தா வேஷம் போடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் அவளைப் போலவே ஊரில் நாசரேத் பக்கம்தான். அதனால் யோசிக்கவில்லை. தங்கச்சி கையை விட்டுவிடாதே என்று ரோஷனிடம் சொல்லித் திரையை விலக்கி, இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வரும் வழிக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.

அங்கே நின்றாள். முன்பக்கத்துப் பாட்டு அங்கே கேட்கவே இல்லை. உள்ளேயிருந்தும் சத்தமில்லை. சிரிப்பில்லை, மணியில்லை.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தபோது பிள்ளைகள் வந்தார்கள். கைகளில் மிட்டாய்கூட இல்லை. ரோஷனின் முகம் வெளுத்திருந்தது. தாத்தா என்ன கொடுத்தார் என்று கேட்டாள்.

"அவரு ஒண்ணும் குடுக்கல மம்மி. கேட்டாரு."

என்ன கேட்டார் என்றதும் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

முன்பக்கம் வந்தாள். ஏசுதாஸ் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினார். சிவப்புச் சட்டை, கையில் தாடி. ரயில் இல்லாததால் தாமதம், இன்னும் குகையைத் திறக்கவே இல்லை என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுனிதா பிள்ளைகளைக் கேக் கடையில் நிறுத்தினாள்.

அவரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தாத்தாவின் நாற்காலிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அதன் நடுவில், யாரோ நனைந்த உடம்போடு உட்கார்ந்து எழுந்ததுபோல் தண்ணீர் தேங்கியிருந்தது.

குழாய் ஒழுகியிருக்கும் என்றார் ஏசுதாஸ். மேலே குழாயே இல்லை.

பண்டிகை அன்று பெனிட்டாவைத் தூக்கியபோது, புதுக் கவுனைத் தவிரக் கையில் எதுவும் கனக்கவில்லை என்று சுனிதாவுக்குத் தோன்றியது. பிள்ளை நன்றாகத்தான் சாப்பிட்டாள். காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. ஆனால் உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். குறை எதுவும் இல்லை என்று சொன்ன டாக்டரே, எடை பார்க்கும் மெஷின் பழுது என்று வேறு மெஷின் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதேதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் ரோஷன் தானாகவே அவளிடம் வந்து உட்கார்ந்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எல்லாப் பிள்ளையும் எங்கிட்ட வாங்குது, நீ எனக்கு என்ன தருவன்னு கேட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னேன். கையில புடிச்சிருக்கியே, அது என்னன்னாரு. தங்கச்சின்னேன். தாரியான்னாரு."

"நீ என்னல சொன்ன?"

"டர் லகா மம்மி. பயந்துபோயி சரின்னுட்டேன்."

சுனிதா அவன் முகத்தை நிமிர்த்தினாள்.

"அப்புறம்?"

"கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிடுதேன்னாரு."

அவனை அடிக்க ஓங்கிய கை, அவனை அணைத்துக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளை. அவன் என்ன செய்வான்? கையை விடாதே என்று சொல்லி அனுப்பியதே அவள்தானே.

மறுநாள் பகலிலேயே திலக் நகருக்குப் போனாள். கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். தகர இடுக்கு வழியாக நுழைந்தாள். குகை பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. ஈரத்தில் ஊறிய காகிதப் பாறைகள் உரிந்து தொங்கின. வெளியே உச்சி வெயில், உள்ளே மட்டும் இருட்டு.

அவள் மண்டியிட்டாள்.

"என்ன எடுத்துக்கிடும். பிள்ளைய விட்டுரும்."

ஒன்றும் நடக்கவில்லை.

எங்கோ ஒரு துளி சொட்டியது.

பிறகு, அவள் காதை ஒட்டி, அதே இதமான குரல்.

"உன்ன யாரும் தரலியே."

நடந்ததையெல்லாம் டென்சிலிடம் சொன்னாள். நீங்கள் வந்து என்னைத் தருவதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காலைப் பிடித்தாள். அவன் நம்பவில்லை. போதகரை அழைத்துவந்து ஜெபம் பண்ணினான். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒருநாள் காலையில் பெனிட்டாவைக் குளிப்பாட்டத் தூக்கியவன், அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றான். துவைத்துக் காய்ந்த துணியைத் தூக்கியதுபோல் இருந்திருக்கிறது.

"வா, போவம்" என்றான்.

பக்கத்து வீட்டுப் பூமாரியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கட்டடமே இல்லை. கட்டடம் நின்ற இடத்தில் பெரிய பள்ளம். அடியில் கறுப்பாகத் தண்ணீர். ஜேசிபி ஓரமாக நின்றது, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

டென்சில் பள்ளத்தின் விளிம்பில் நின்று சுனிதாவின் கையைப் பிடித்தான்.

"இவளத் தாரேன்" என்றான். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

தண்ணீர் அசையவில்லை. குரலும் வரவில்லை.

வீடு திரும்பியபோது பெனிட்டா பூமாரியின் மடியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். இன்னொன்று வேண்டும் என்று கேட்டாள். சுனிதா கொடுத்து வைத்தவள்போல அன்று முழுவதும் சிரித்தாள். பிள்ளை பிழைத்துவிட்டாள், இனி தன் முறை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பயமாக இல்லை.

அந்த வாரமே, விடியும் முன்பு, அவள் பக்கத்தில் படுத்திருந்தபடியே பெனிட்டா போய்விட்டாள்.

சின்னப் பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டென்சில் அதன்பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்ததில்லை. ரோஷன் யார் கையையும் பிடிப்பதில்லை. சுனிதாவின் ஜாக்கெட்டுகள் தோளில் தொங்கத் தொடங்கின. துக்கத்தில் மெலிகிறாள் என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மூவரும் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சந்தில் அன்றுதான் சிமெண்ட் போட்டிருந்தார்கள். கவனிக்காமல் நடந்து, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து வேலையாள் மராத்தியில் திட்டினான். சுனிதா திரும்பிப் பார்த்தாள்.

ஈரச் சிமெண்டில் டென்சிலின் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது. நடுவில் ரோஷனின் சின்னஞ்சிறு பூட்ஸ்.

அவள் நடந்துவந்த பக்கத்தில் அவளுடைய தடம் ஒன்றுகூட இல்லை.

அந்த இடத்தில் அகலமான ஒரு வெறும் பாதத்தின் தடம், ரோஷனின் தடத்தை ஒட்டியே, வாசல் வரைக்கும் வந்திருந்தது.