பத்தாவது புகார்

கீச்சுவின் வீட்டில் எந்தப் பொருளும் தன் பாட்டுக்குக் கெட்டுப்போய்விட முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிக்கு என்ன ஆனது, எத்தனை மணிக்கு ஆனது, யார் பார்த்தது என்று தாளில் எழுதுகிற பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸிக்குக்கூட ஒரு தாள் இருந்தது. அது குணமாகி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது.

இப்போது முறை லேப்டாப்புக்கு. வயது எட்டு. அம்மா அதில்தான் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துவாள். கீச்சு அதில்தான் பள்ளி வேலைகளைச் செய்வாள். கீச்சு என்பது குரலை வைத்து வீட்டார் வைத்த பெயர். வயது பத்து ஆகியும் குரலும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

லேப்டாப்பை எப்போது மாற்றுவது என்று பேச்சு வந்தபோது அப்பா ஒரு கணக்கு வைத்தார். ஒரே மாதத்தில் பத்துப் புகார் வந்தால் புதுசு. ஒன்பது வந்தால்கூடப் பழசேதான். யார் கண்ணால் பார்க்கிறார்களோ அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அலமாரிக் கதவில் தாள் ஏறியது. முதல் இரண்டு வாரத்தில் வந்தவை மூன்றே மூன்று புகார்கள். மூன்றும் பெரியவர்கள் எழுதியவை.

அப்புறம்தான் வந்தது அந்தப் புதன்கிழமை. வகுப்பில் குழு வேலையைக் காட்டுவதற்காகக் கீச்சு லேப்டாப்பைக் கொண்டுபோயிருந்தாள். திறந்ததுதான் தாமதம், உள்ளே இருந்த மின்விசிறி உறுமத் தொடங்கியது. டீச்சர் பேசுவதே கேட்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, இதில் எத்தனை கிலோ மாவு அரைக்கலாம் என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கூடச் சிரித்தால் அழுகை தெரியாது என்று கீச்சுவும் சிரித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் தாளில் எழுதினாள்: 'புதன், 4.40. தானாக அணைந்துவிட்டது.' அது அணையவே இல்லை. எழுதி முடிப்பதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

இரண்டாவது பொய்க்கு அவ்வளவு படபடப்பு இல்லை. நான்காவது பொய்க்குப் பேனாவை மாற்றிக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள். எனக்கு மட்டும் ஒழுங்காக ஓடுகிறதே என்று அம்மா சந்தேகப்பட்டாள். டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடுகிற நோயாளிகள் உண்டு என்று அப்பா விளக்கம் சொன்னார்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை பத்தாவது புகார் ஏறியது.

அப்பா சொன்ன சொல் மாறாதவர். சனிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார். "சிஸ்டர், நாளையிலிருந்து எட்டு ஞாயித்துக்கிழமைக்கும் என் பேரைப் போட்டுடுங்க. ஆமா, கூடுதல் டூட்டிதான். வீட்ல கொஞ்சம் செலவு இருக்கு."

கீச்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிறு என்றால் அப்பா வீட்டில் இருக்கும் நாள். ஆறு நாள் வார்டில் நின்று வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவளோடு கேரம் ஆடுவார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் சிவப்புக் காயை வேட்டிக்குள் ஒளித்துவைப்பார். புது லேப்டாப் அந்த ஞாயிறுகளிலிருந்து வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா அப்பா? தாளைக் கையில் எடுத்து அம்மாவிடம் காட்டினார். "நேரம் போட்டிருக்கா, கிழமை போட்டிருக்கா. எங்க வார்டுலகூட இவ்வளவு பொறுப்பா எழுத மாட்டாங்க. இவ எழுதினதை யோசிக்காம நம்பலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கீச்சுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சாப்பிடும்போது அப்பா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அவள் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தாள். கிழித்தால் இன்னொரு பொய் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா? இருந்தால் எட்டு ஞாயிறும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளிக்கப் போனதும் அவள் தாளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வார்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். பழைய தப்பும் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டுமாம். கீச்சு கோடு போட்டாள். பக்கத்தில் 'இது நடக்கவில்லை. நானே எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்படி ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் காது சுட்டது.

அப்பா ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது தாளை நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். ஷூ கயிறு கட்டாமலே கிடந்தது.

"ஏம்மா?" என்றார்.

கீச்சு எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமை, உறுமல், மாவு, சிரிப்பு எல்லாம் வந்தது. அழுகையும் வந்தது.

"உன்னை நம்பித்தான் சிஸ்டர்கிட்ட பேசினேன்" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. தாளை அவள் பக்கம் திருப்பிக் கேட்டார். "அந்த சத்தம் நிஜம்தானே? எல்லாரும் சிரிச்சது நிஜம்தானே? நடக்காததை ஏழு தடவை எழுதியிருக்க. நடந்ததை ஒரு தடவைகூட எழுதலையே?"

"வெக்கமா இருந்துச்சுப்பா."

"இப்ப எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். 'புதன், பள்ளியில். சத்தம் ரொம்ப அதிகம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.' இந்தக் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா தொண்டையைச் செருமினாள். "அந்தப் பேனாவை இங்க குடு" என்றாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சிவந்திருந்தது. "அந்த மூணாவது புகார்... மீட்டிங் நடுவுல நின்னுபோச்சுன்னு எழுதினேனே, அது தானா நிக்கல. நாந்தான் மூடினேன். அந்தப் பதிப்பக மனுஷர் பேச ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டார்."

அம்மாவும் ஒரு கோடு போட்டாள்.

அப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. மிஞ்சிய உண்மைகளை எண்ணிப் பார்த்தார்கள். சூடு என்று இரண்டு, சத்தம் என்று ஒன்று. மூன்று நோய்க்கு யாராவது ஆளையே மாற்றுவார்களா என்றார் அப்பா. திங்கட்கிழமை பழுது பார்க்கும் கடையில் மின்விசிறியை மட்டும் மாற்றிக்கொள்வது என்று முடிவானது. சிஸ்டருக்குப் போன் போயிற்று. ஏழு ஞாயிறு திரும்பி வந்தது. அன்றைய ஞாயிறுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா போய்த்தான் ஆக வேண்டும்.

கீச்சு அவருடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். அவளுக்கு வெட்கம் இன்னும் போகவில்லை. இன்றைக்குள் போகும் என்றும் தோன்றவில்லை. பஸ் வந்தது. அப்பா ஏறி ஜன்னல் வழியாகக் கையசைத்தார். கீச்சு தலையை நிமிர்த்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கையசைத்தாள்.