எபேசுத் துறைமுகத்தில் அலை

மாதவ் துருக்கிக்குக் கிளம்பி அன்று ஒன்பதாவது நாள். ஒரு தடவைகூட அவன் குரல் கேட்கவில்லை.

அவன் அம்மா நாகலக்ஷ்மி மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, முதல் மாடி விஜயலட்சுமி வீட்டுக்கு வந்தார். இதய ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மெதுவாக உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார்.

"இந்த பில்டிங்ல யார் சைக்கிள் தொலைஞ்சாலும் நீதானே கண்டுபிடிக்கறே, விஜி? அவன் ஏன் எங்கிட்ட பேச மாட்டேங்கறான்னு சொல்லு. மெயில் மட்டும் வரது. இவர் பிரிண்ட் எடுத்துத் தரார்."

விஜயலட்சுமி முப்பது வருடம் வரைபட அலுவலகத்தில் இருந்தவர். நிதானமாகப் படித்தார். தங்கை மகள் சத்யப்ரியா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

'அம்மா, இன்று எபேசு பார்த்தேன். பவுல் தங்கி கிறிஸ்தவ சபையை வளர்த்த ஊர். வெள்ளித் தட்டார்கள் அவரை எதிர்த்துக் கூச்சலிட்ட அரங்கம் அப்படியே நிற்கிறது. அங்கிருந்து தெரு நேரே துறைமுகத்துக்குப் போகிறது. படியில் உட்கார்ந்து அலையில் கால் நனைத்தேன்.'

"ஆத்துல மாமா எப்படி இருக்கார்?" என்று நாகலக்ஷ்மியிடம் கேட்டார் விஜயலட்சுமி.

"தாடியும் அவருமா! கேட்டா நாளைக்கு எடுத்துடறேங்கறார். ஸ்வாமி விளக்குகூட ஏத்தறதில்லை. எண்ணெய் தீர்ந்துடுத்தாம். அடுப்படியில முழு பாட்டில் இருக்கு."

"மாதவ் கிளம்பின அன்னிக்கு?"

"அவன் காலையில டெல்லி ஃப்ளைட். சாயந்தரம் இவரும் டெல்லி போனார், ஏதோ பென்ஷன் மீட்டிங்னு. ரெண்டு நாள்ல வந்துட்டார்."

சத்யப்ரியா போனை நீட்டினாள். "பெரியம்மா, மேப்பைப் பாருங்க! எபேசுலேர்ந்து கடல் ஏழெட்டு கிலோமீட்டர்!"

"ஆத்து வண்டல் துறைமுகத்தை மூடிப் பல நூற்றாண்டு ஆச்சு. மாதவோட ஆய்வே அதுதான். கடைசி அத்தியாயத்துக்கு நான்தான் படம் வரைஞ்சேன். இதை எழுதினவருக்கு முதல் அத்தியாயம் மட்டும் தெரியும். அதுல பவுல் காலம், கப்பல் வந்து நிக்கும்."

"அப்போ அவன் துருக்கிக்கே போகலை! எங்கயோ ஒளிஞ்சிண்டிருக்கான்!" என்றாள் சத்யப்ரியா.

நாகலக்ஷ்மி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "பொண்ணு விஷயமா? சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

விஜயலட்சுமி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"ப்ரியா, கீழ்வீட்டு டாக்டரைக் கூட்டிண்டு வா. இப்பவே."

அவர் முகத்தைப் பார்த்தவள் ஏன் என்று கேட்காமல் ஓடினாள்.

மனைவியைத் தேடிக்கொண்டு, கரியாஹாட் சந்தையில் வாங்கிய காய்கறிப் பையோடு சுந்தரம் உள்ளே வந்தார். விஜயலட்சுமி தாளைக் காட்டினார்.

"மாமா, மாதவ் எழுதினதை எவ்வளவு தூரம் படிச்சேள்?"

"முதல் அத்தியாயம்." பை கையிலிருந்து நழுவியது. "அதுக்கு மேல முடியலை."

டாக்டர் வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்த பிறகே விஜயலட்சுமி அடுத்ததைக் கேட்டார்.

"தாடி எடுக்கறேன்னேளே, நாளைக்கு எத்தனையாவது நாள்?"

"பத்து."

நாகலக்ஷ்மி கணவர் பக்கம் திரும்பினார். "பத்தா? யாருக்குப் பத்து?"

சுந்தரம் தரையில் உட்கார்ந்தார்.

"நம்ம மாதவ் செத்துப்போயிட்டான், நாகு. டெல்லியில, கார்ல போயிண்டிருந்தப்போ ஆக்ஸிடென்ட். நான்தான் கொள்ளி வச்சேன்."