துண்டு போட்ட கட்டில்

"செத்துப் போனவங்களுக்கு வேர்க்காதாம்மா?"

மேசை விசிறி மாடிக்கு ஏறிய அன்று, சமையல்காரி பட்டம்மாளின் சின்னப் பெண் கேட்ட கேள்வி அது. பட்டம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து விரட்டினாள். தனசேகரனைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று சுற்றி நின்ற மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எம்.ஏ. முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்துக் கல்வெட்டுகளில் ஆராய்ச்சி செய்ய வந்தவர்களுக்கு அதுவரை வாய்த்தது, பட்டுக்குச் சாயம் காய்ச்சும் கொட்டகையை ஒட்டிய ஒரு ஜன்னல் இல்லாத அறை. சாய ஆவி சுவரில் வேர்வையாக வழியும். பாயைத் தூக்கினால் மூட்டைப்பூச்சி. "படிக்கிறவனும் மனுசன்தானே சார், காத்து வேணாமா?" என்று கல்லூரியிலும் பெரிய மனிதர்கள் வீட்டிலும் கேட்டுக் கேட்டு நடந்தவன் தனசேகரன். அவன் கேட்டதெல்லாம் வந்தது. ஒரு புண்ணியவான் சும்மா கிடந்த தன் மாடி வீட்டைக் கொடுத்தார். சுடுசோறு, மின்விளக்கு, ஜன்னலோரம் ஒரு நாடாக்கட்டில், ஒரு விசிறி. அவன்தான் இல்லை. சித்திரை வெயிலில் விஷக்காய்ச்சல் கண்டு, அந்தப் பழைய அறையில், நனைந்த பாயிலேயே போய்விட்டான்.

கட்டிலும் விசிறியும் யேசுதாஸுக்கு என்று எல்லோருமாகப் பேசி முடித்தார்கள். கடைசிவரை தனசேகரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவர்களோடு ஒரே அறையில் இருந்த அர்ஜுனனுக்கு அது பொறுக்கவில்லை. யேசுதாஸ் கேட்காமலே பட்டம்மாள் அவன் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். கேட்காமலே பேராசிரியர் தன் புத்தகங்களைக் கொடுப்பார். இப்போது காற்றும் அவனுக்கா? அர்ஜுனன் எல்லோருக்கும் முன்னால் மாடிப்படி ஏறி ஓடி, தோளில் கிடந்த துண்டை உதறிக் கட்டிலின்மேல் விரித்தான்.

பின்னால் வந்த யேசுதாஸ் சிரித்தான். "இன்னாபா, வாலாஜாபாத் பஸ்ஸுன்னு நெனச்சிக்கினியா? துண்டு போட்டு எடம் புடிக்கிற!"

"மொதல்ல போட்டவனுக்குத்தான் சீட்டு."

"சரி ராசா, நல்லாத் தூங்கு. நான் இங்க தரையிலயே பாய் போட்டுக்கிறேன்."

அவன் அப்படிச் சுலபமாக விட்டுக்கொடுத்தது அர்ஜுனனை இன்னும் எரித்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தன் துண்டை எடுத்தவன் அப்படியே நின்றான். அதன் அடியில் இன்னொரு துண்டு விரிந்திருந்தது. பச்சைக் கரை போட்டது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம்.

"இது இன்னா வெளயாட்டு யேசுதாஸ்? உன் துண்ட எதுக்கு இங்க போட்ட?"

"என்னுது கொடியில காயுதுபா." யேசுதாஸ் எழுந்து வந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "இது தனசேகரனுது மாதிரி இருக்குது. ஆனா அத அவனோடவே எரிச்சிட்டாங்களே."

அர்ஜுனன் அதைச் சுருட்டி ஜன்னல் வழியே தெருவில் எறிந்தான். மறுநாள் மாலை அது மறுபடியும் கட்டிலில் இருந்தது, அவனுடைய துண்டுக்கு அடியில், முதல் நாளைவிட நனைந்து, சாய ஆவியும் காய்ச்சல்காரன் வேர்வையும் கலந்த வாடையோடு. விசிறி ஓடியது, காற்று அவன்மேல் படவே இல்லை. படுத்தால் பக்கத்தில் யாரோ நெருங்கிப் படுத்திருப்பதுபோல நாடா ஒரு பக்கமாகச் சரிந்தது. கீழே யேசுதாஸ், காற்றும் இல்லாமல் கட்டிலும் இல்லாமல், குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்தத் தூக்கத்தின்மேல் வந்த பொறாமைக்கு அளவில்லை. நமக்கு மட்டும் ஏன்? அவனும் அனுபவிக்கட்டுமே. அர்ஜுனன் ஈரத் துண்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய், ஓசையில்லாமல், யேசுதாஸின் பாயில் அவன் பக்கத்தில் விரித்துவிட்டு வந்தான். தெரிந்தேதான் செய்தான்.

விடிந்தபோது யேசுதாஸுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. துண்டு பக்கத்திலிருந்து அவன் மார்புக்கு ஏறியிருந்தது. இப்போது அது அர்ஜுனன் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. பட்டம்மாள் அந்த இடத்தைத் தொட்டு, "இன்னா வேர்வை, நெஞ்செல்லாம் தண்ணியாக் கொட்டுது" என்றாள்.

வைகாசி கருட சேவை அன்று இருள் பிரிவதற்குள் வீடு காலியானது. "பெருமாள வேண்டிக்கினு ஓடியாந்துடறேன் தம்பி. பாவம், ராத்திரி தாண்டறதே பெருசாப் போச்சு. நீ கிட்ட இரு" என்று சொல்லிவிட்டுப் பட்டம்மாள் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். தூரத்தில் நாகசுரமும், வாண வெடியும், ஊரே ஒரே குரலாகக் கோவிந்தா என்று எழுப்பும் முழக்கமும் கேட்டன. பிறகு அவை ஏதோ சுவருக்கு அப்பால் போனதுபோல மங்கின. மின்சாரம் நின்றது. விசிறியின் இறக்கைகள் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தன.

யேசுதாஸின் வாய் திறந்தது.

"அர்ஜுனா, கொஞ்சம் நகந்துக்கோபா."

அது யேசுதாஸின் குரல் இல்லை.

அர்ஜுனன் முதன்முதலில் டிரங்குப் பெட்டியோடு பழைய அறையின் வாசலில் நின்ற அன்று, உள்ளே படுக்க இடமே இல்லை. எல்லோரும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், "வாபா, நான் நகந்துக்கிறேன்" என்று தன் பாயில் பாதியைக் கொடுத்து, புழுக்கத்தில் புரண்டவனுக்குத் தூங்கும்வரை விசிறினான். அந்தத் தனசேகரன் காய்ச்சலில் கிடந்த நாட்களில், அவன் பக்கத்தில் அர்ஜுனன் ஒரு தரம்கூட உட்காரவில்லை.

யேசுதாஸின் மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

அர்ஜுனன் தவழ்ந்துபோய் அந்தத் துண்டைப் பிடித்தான். வரவில்லை. ஒரு ஆளைத் தூக்குவதுபோலக் கனத்தது. "வா தனசேகரா," என்றான். "இங்க வேணாம்பா. கட்டில்தான் உன் எடம். நான்தான்... வாபா."

துண்டு கையோடு வந்தது.

தன் துண்டை உருவி எறிந்துவிட்டு, ஈரத் துண்டைக் கட்டிலில் விரித்தான். நாடா முனகியது. முதலில் தலைமாட்டில் ஒரு குழி. பிறகு தோள். பிறகு இடுப்பு. குதிகால்கள். யாரும் இல்லை. கட்டிலின் அடியில் தரையில் சொட்டியது. சொட்டு. சொட்டு.

யேசுதாஸின் தலைமாட்டில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்து விசிறத் தொடங்கினான். நிறுத்தவில்லை. முதுகுக்குப் பின்னால் யேசுதாஸின் மூச்சு மெல்லச் சீரானது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. ஜன்னலில் வெளுப்பு ஏறியது. கட்டிலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நீண்டது. குளிர்ந்தது.

குழி அசைந்தது.

தலை, தோள், இடுப்பு. ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் ஒதுங்கின. இந்தப் பக்கம் நாடா சமமானது. ஒருவன் படுக்கும் இடம். துண்டின் நனைந்த பாதி, யாரும் தொடாமல், அந்த இடத்தின்மேல் மெதுவாக விரிந்தது.

அர்ஜுனன் விசிறிக்கொண்டே இருந்தான்.