கூலிக்காரி ஏறிய ஜீப்

நடுவட்டத்துக்குக் கீழே, பூட்டிக்கிடந்த துரை பங்களாவின் வண்டிக்கொட்டகையை இசக்கியம்மா திறந்தபோது மத்தியானம் இரண்டு மணி. உள்ளே மட்டும் அந்தி போல இருட்டு. துருவும் எலிப்புழுக்கையும் நாறிய அந்த இருட்டில், நான்கு டயரும் அமுங்கி, பழைய ஜீப் நின்றது.

அறுபத்து மூன்றாம் வருடம், பிரசவ வலியில் துடித்த அவள் அம்மா மாரியாயியை, தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்து ஆட்கள் கம்பளியில் தூக்கிக்கொண்டு இந்த ஜீப்பிடம்தான் வந்தார்கள். "கூலிக்காரி ஏறுகிற வண்டி இல்லை இது" என்றார் துரை, வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே. கூடலூர் போகும் வழியிலேயே அம்மாவின் மூச்சு அடங்கிப்போனது.

இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. துரை செத்தார், தோட்டம் கைமாறியது. பழைய இரும்புக்குப் போகவிருந்த ஜீப்பைப் புது மேனேஜரிடம் கேட்டு வாங்கிவிட்டாள். லயத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வண்டி வேண்டும்.

ஸ்பேனர் பிடித்தே அறியாதவள். லாரி மெக்கானிக் கருப்புசாமி ஞாயிறுதோறும் வந்து ரிப்பேரும் வண்டி ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை அவள் பிளக் ஒயர்களை வரிசை மாற்றிச் சொருக, இன்ஜின் வெடித்த வெடியில் இருவரும் வெளியே ஓடினார்கள்.

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. இந்த வரிசைதானுங்க வண்டிக்கு உசுரு" என்றார் அவர்.

அடுத்த வாரம் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலம் முடுக்கிய போல்ட்டுகள் காலையில் கழன்று, சீட்டின் மேல் வரிசையாக இருந்தன. கொட்டகைப் பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே புதுச் சுருட்டின் நாற்றம்.

ஒருநாள் இருவரும் வண்டிக்கடியில் படுத்திருக்க, மேலே யாரோ உட்கார்ந்தது போல சீட்டு ஸ்பிரிங் முனகியது.

"தொடாதே."

கருப்புசாமி அதோடு நின்றுகொண்டார். "அம்மிணி, அந்த வண்டிய உட்டுப்போடுங்க" என்று கும்பிட்டார்.

"எங்கம்மா அவருகிட்ட கெஞ்சுச்சுங்க. நான் கெஞ்ச மாட்டேன்."

கழன்றதை முடுக்கினாள். மறுபடி கழன்றது. மறுபடி முடுக்கினாள். ஒரு மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டே செய்யக் கை பழகிவிட்டது.

ஆடி மழையில் ஒரு பகல், பக்கத்து வீட்டுப் பாலாமணிக்கு வலி கண்டது. ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. பாலாமணியைப் பின்னால் படுக்கவைத்து, தேயிலைக்குள் போகும் சேற்றுப் பாதையில் ஜீப்பை இறக்கினாள் இசக்கியம்மா.

மூன்றாவது வளைவில் இன்ஜின் நின்றது.

மூடுபனி உள்ளே வந்தது. சுருட்டு நாறியது. பக்கத்து சீட்டு, காலியாகவே, மெல்ல அமுங்கியது.

"இறங்கு."

"எறங்கத்தான் போறேன். பானெட்டைத் தொறக்கோணுமில்ல?"

நான்கு பிளக் ஒயரும் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. முதல் ஒயரைச் சொருகினாள். குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டை நெரித்தன.

ஒண்ணு.

மூணு.

நகங்கள் தோலைக் கிழித்தன.

நாலு.

ரத்தத்தில் வழுக்கியது. துடைத்துக்கொண்டு சொருகினாள்.

ரெண்டு.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. பக்கத்து சீட்டு இன்னும் அமுங்கியே இருந்தது. கியரைப் போட்டபடி சொன்னாள்: "வாரதுன்னா வாயை மூடிக்கிட்டு வா. எங்க புள்ள வலியில கெடக்குறா."

கூடலூர் ஆஸ்பத்திரியில் பாலாமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

சாயங்காலம் திரும்பியதும் ஜீப்பை லயத்து வாசலில் நிறுத்தினாள். மழைக்குப் பயந்து பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாள். டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, வாசலில் ஹார்ன் அடித்தது. விடாமல், நீளமாக.

காலடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தாள். மணிக்கட்டுக் காயம் எரிந்தது.

"அடிச்சுக்கிட்டே கெட" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "நாளைக்குத் தாயையும் புள்ளையையும் கூட்டியாறோணும். காலைல ஆறு மணிக்கு வண்டி கெளம்பும்!"

ஹார்ன் நிற்கவில்லை. அவள் டீயைக் குடித்து முடித்தாள்.